வாசகர் கேள்வி–பதில்: மருத்துவமனைக்காகப் பிறந்த கட்சி

கேள்வி: இங்கிலாந்தில் ஒரே ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் இயங்கும் கட்சிகள் உண்டு என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். ஓர் ஊருக்கென்று தனிக் கட்சி நடத்துவது எப்படிச் சாத்தியம்? ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வூஸ்டர்ஷயர் கவுன்டியில் (கவுன்டி என்பது பல மாவட்டங்களை உள்ளடக்கிய நிர்வாகப் பகுதி), கிடர்மின்ஸ்டர் என்றொரு ஊர் இருக்கிறது. தரைக்கம்பள நெசவுக்குப் பேர்போன தொழில் நகரம் அது. அதையும் அண்டையிலுள்ள பியூட்லி, ஸ்டவர்போர்ட் ஆகிய ஊர்களையும் சேர்த்து 1974இல் வயர் ஃபாரஸ்ட் மாவட்டத்தை உருவாக்கினார்கள். மாவட்டம் என்றதும் நம் ஊர் அளவில் நினைத்துவிட வேண்டாம். அங்குள்ள மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான்.

கிடர்மின்ஸ்டரில் அவசர சிகிச்சைப் பிரிவோடு கூடிய பொது மருத்துவமனை ஒன்று இருந்தது. அந்தப் பிரிவையும் உள்நோயாளிகளுக்கான படுக்கைகளையும் எடுத்துவிட்டு, தனியார் முதலீட்டில் வூஸ்டர் நகரில் எழவிருந்த புதிய மருத்துவமனையில் எல்லாவற்றையும் குவிப்பது என்று 1990களின் இறுதியில் சுகாதாரத் துறை முடிவெடுத்தது. வூஸ்டர் அங்கிருந்து சுமார் 24 கிலோமீட்டர். காரில் உல்லாசமாகப் போகிறவருக்கு அது தூரமே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் தகப்பனைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் போகிற மகனுக்கு அது வேறு தூரம். கிடர்மின்ஸ்டரின் அவசர சிகிச்சைப் பிரிவு 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வூஸ்டரின் புதிய மருத்துவமனையோ 2002இல்தான் திறந்தது. இந்த இடைவெளியை ஊர் மன்னிக்கவில்லை.

மருத்துவமனையைக் காக்க எழுந்த இயக்கம்தான் கட்சியாக மாறி, 1999 முதல் மாவட்ட மன்றத் தேர்தலில் இறங்கியது. ‘ஹெல்த் கன்சர்ன்’ என்று சுருக்கமாக அழைத்தார்கள். ‘சுகாதார அக்கறை’ என்று பொருள் கொள்ளலாம். கட்சியின் முழுப் பெயரிலேயே ஊரின் பெயரும் மருத்துவமனையும் இருந்தன.

கேள்வி: அந்த மாவட்ட மன்றத்துக்கு மருத்துவமனையின் மீது அதிகாரம் உண்டா? இல்லையென்றால் அங்கே போய் உட்கார்ந்து என்ன பயன்?
— ஒரு வாசகி, தேனி

பதில்: துளியும் அதிகாரம் கிடையாது. குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வீட்டுவசதி, பூங்கா, உள்ளூர் வரி வசூல் ஆகியவை மாவட்ட மன்றத்தின் வேலை. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு ஆகியவை அதற்கு மேலடுக்கிலுள்ள கவுன்டி மன்றத்தின் வேலை. மருத்துவமனை இரண்டுக்கும் அப்பாற்பட்டது. தேசிய சுகாதாரச் சேவையின் வழியாக லண்டனில் அமைச்சரிடம் போய் முடிவது. மூடிய படுக்கைகளில் ஒன்றைக்கூடத் திறக்க இயலாத மன்றத்தைத்தான் அந்த மக்கள் முதலில் கைப்பற்றினார்கள்.

வீண் வேலை என்று நமக்குத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஊர்வலமும் கையெழுத்து இயக்கமும் நடந்து முடிந்ததும் கலைந்துவிடும். வாக்கு எண்ணிக்கை அரசுப் பதிவேட்டில் நின்றுவிடும். அதோடு, வயர் ஃபாரஸ்ட்டில் அக்காலத்தில் மன்றம் முழுவதற்கும் ஒரே நாளில் தேர்தல் நடப்பதில்லை. நான்காண்டுச் சுற்றில் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வரும். ஆகவே, கோபம் ஆறுவதற்குள் அடுத்த வாக்குச்சீட்டு கைக்கு வந்தது. கட்சி இடத்துக்கு மேல் இடமாகப் பிடித்து, மன்றத்தின் நிர்வாகப் பொறுப்பையே ஏற்கும் நிலைக்கு உயர்ந்தது.

அந்த அடித்தளத்தில் நின்றுதான், அதே மருத்துவமனையில் மருத்துவ நிபுணராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ரிச்சர்ட் டெய்லர் 2001 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். லிபரல் டெமாக்ரட் கட்சி அவருக்காக விலகிக்கொண்டது. அவர் 28,487 வாக்குகள் பெற்று, அரசில் இளநிலை அமைச்சராக இருந்த தொழிற்கட்சி உறுப்பினர் டேவிட் லாக்கை 17,630 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடெங்கும் தொழிற்கட்சி அலை வீசிய அதே நாளில் நடந்தது இது. 2005இலும் 5,250 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவில் உறுப்பினராகப் பணியாற்றினார். மருத்துவமனை மாற்றங்களில் தகராறு எழுந்தால் ஆராய்ந்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல, 2003இல் ஒரு சுதந்திரக் குழு அமைக்கப்பட்டது. அதற்குக் கிடர்மின்ஸ்டர் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்; ஆனால் அதற்குப் பின் ஒரு மருத்துவமனையில் கை வைக்க நினைத்த எந்த அரசியல்வாதிக்கும் அந்த ஊரின் பெயர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

கேள்வி: அவர்கள் சுயேச்சைகளாகவே நின்றிருக்கலாமே? கட்சியாகப் பதிவு செய்ய என்ன தேவை?
— ஒரு வாசகர், சிவகாசி

பதில்: வாக்குச்சாவடியின் தடுப்புக்குள் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்குகிறது. பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் பெருக்கல் குறி இட வேண்டும். சுயேச்சையின் பெயருக்குக் கீழே ‘சுயேச்சை’ என்ற ஒரே சொல்லைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் வெறுமையாக விடலாம். ‘மருத்துவமனை’ என்ற சொல் அந்தச் சீட்டில் வர வேண்டுமானால், 1998, 2000 ஆண்டுகளின் சட்டங்களின்படி அது பதிவுபெற்ற கட்சியின் பெயராகவோ விளக்க வாசகமாகவோ இருந்தாக வேண்டும். கட்சிகளோடு ஒட்டோ உறவோ வேண்டாம் என்று கிளம்பியவர்கள் தாங்களே ஒரு கட்சியானது இதனால்தான். நம் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, ஊராட்சி ஒன்றியத்துக்கு வந்தால்தான் கட்சி நுழையும் என்ற பழக்கத்தில் இருக்கும் நமக்கு இது சற்று விநோதமாகவே இருக்கும். மாவட்ட மன்றத் தேர்தலுக்கு அங்கே டெபாசிட் கட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கைப்பணம் இல்லாத ஊர்க்காரருக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: ஒற்றைக் கோரிக்கைக்காகத் தொடங்கிய கட்சி, கோரிக்கை நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. கிடர்மின்ஸ்டருக்கு முழு அவசர சிகிச்சைப் பிரிவு திரும்பி வரவில்லை. சிறு காயங்களுக்கான பிரிவும், நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகளுக்கான மையமும்தான் கிடைத்தன. 2010இல் லிபரல் டெமாக்ரட் கட்சியும் களத்தில் நின்றது. டெய்லர் 2,643 வாக்குகளில் கன்சர்வேட்டிவ் கட்சியின் மார்க் கார்னியரிடம் தோற்றார்.

ஆனாலும் கட்சி கலையவில்லை. பெயரிலிருந்த மருத்துவமனையை எடுத்துவிட்டு, சமூகம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வாக்குறுதியோடு உள்ளே போனவர்கள், மன்றத்தில் அமர்ந்ததும் குப்பைத் தொட்டி எந்தக் கிழமை எடுக்கப்படும், வாகன நிறுத்தக் கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டியிருந்தது; அதற்கு மருத்துவமனைக் கோபம் வழிகாட்டாது. எதிர்ப்பதற்காக ஒன்றுசேர்ந்தவர்களுக்குள் ஆள்வதில் ஒத்த கருத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே இத்தகைய கட்சிகளின் உண்மையான பலவீனம் என்று கருதுகிறேன். அதைத் தாங்கிக்கொண்டு, 2019இல் பிற கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் நிர்வாகத்துக்கு வந்தார்கள் என்பதை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

கேள்வி: இது ஓர் ஊரின் தனிக்கதைதானா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை. லண்டனுக்கு அருகிலுள்ள எப்சம்–யூவெல் மன்றம் 1937இல் உருவான நாள்முதல் குடியிருப்போர் சங்கத்தினர் கையில்தான் இருக்கிறது. நாட்டிங்காம்ஷயரின் ஆஷ்ஃபீல்ட் மாவட்டத்தில், உள்ளூர்ச் சுயேச்சைகளின் கட்சி 2019இல் 35 இடங்களில் 30ஐயும் 2023இல் 32ஐயும் வென்றது.

கேள்வி: இத்தகைய கட்சிகளுக்கு எதிர்காலம் உண்டா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. மாவட்டம், கவுன்டி என்ற இரண்டடுக்கு முறையை ஒழித்து, ஐந்து லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில் பெரிய ஒற்றை மன்றங்களை அமைக்கப்போவதாக 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. செலவு குறையும் என்பது அரசின் வாதம். வயர் ஃபாரஸ்ட்டின் ஒரு லட்சம் மக்களுக்கு இப்போது 33 உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் பலரைத் தெருவில் பார்த்து நிறுத்திப் பேசலாம். பெரிய மன்றத்தில் அந்த 33 இடங்கள் ஒரு சிலவாகச் சுருங்கும். கூட்டம் நடக்கும் ஊரும் வேறாகலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்போம் என்று மருத்துவமனையைத் தூக்கிக்கொண்டு போன அதே வாதம், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்த மருத்துவமனைக்காகப் போராடியவர்கள் உட்கார்ந்த மன்றத்தையும் தேடி வந்திருக்கிறது.