60,000 டொலர் முற்பணம்: பாதிக்குப் பாதி என்றால் எதில் பாதி?

கேள்வி: வெள்ளவத்தையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் வேண்டும். அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் ஒன்று 60,000 டொலர் முற்பணம் தருவதாகவும், பிறகு வருமானத்தைப் பாதிக்குப் பாதி பிரிப்பதாகவும் சொல்கிறது. ஒரே விளையாட்டுக்கு 200 மில்லியன் டொலர் செலவழிக்கிற துறையில் இது அற்பத் தொகையாகத் தெரிகிறது. பெரிய விளையாட்டுகளில் உருவாக்குபவருக்கும் வெளியிடுபவருக்கும் பணம் எப்படிப் பிரிகிறது? எங்களுக்குச் சொல்வது நியாயமா? பேசித் தருவதாகச் சொல்லும் கொழும்பு முகவர் ஒருவர் முற்பணத்தில் 15 வீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த 200 மில்லியனை முதலில் மறந்துவிடுங்கள். அது உங்கள் கணக்கே அல்ல.

2023இல் அக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் வாங்குவது தொடர்பான வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது. அதற்குச் சோனி கொடுத்த ஆவணமொன்றில், மறைக்கவேண்டிய வரிகளை யாரோ கறுப்புப் பேனாவால் அடித்து ஸ்கேன் செய்திருந்தார்கள். கறுப்பு மையின் அடியில் எழுத்துத் தெரிந்தது. உலகம் படித்துவிட்டது. ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்தை உருவாக்க 220 மில்லியன் டொலர். ‘ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்’டுக்கு 212 மில்லியன். ஆனால் இரண்டையும் செய்தவை சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள். அங்கே முற்பணமும் இல்லை, அதைத் திருப்பி எடுப்பதும் இல்லை. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பைக்குள் போடுகிற காசு. அதில் பெரும்பகுதி சம்பளம்: முதலாவதில் ஏறத்தாழ 200 பேர், இரண்டாவதில் 300 பேர், வருடக்கணக்கில்.

வெளியீட்டாளரின் கை எங்கே நீளும் என்று பார்க்க வேண்டுமானால் 2009இல் வந்த ‘மொடர்ன் வோர்ஃபெயார் 2’ நல்ல உதாரணம். உருவாக்க 40 முதல் 50 மில்லியன் டொலர். விளம்பரம், டிஸ்க் தயாரிப்பு, விநியோகம் எல்லாம் சேர்ந்தபோது 200 மில்லியன் என்று அப்போது ‘லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ எழுதியது. சமைக்க ஒரு பங்கு, ஊரைப் பந்திக்கு அழைக்க மூன்று பங்கு. டிஸ்க் செலவு இன்று பெருமளவு போய்விட்டது. அழைப்புச் செலவு போகவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எலி நுழையும் பொந்தும் அதுதான்.

‘பாதிக்குப் பாதி’ என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எதில் பாதி? யாழ்ப்பாணத்துச் சந்தைகளுக்கு நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோன விவசாயியிடம் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விலை நியாயமாகத்தான் இருக்கும். கழிப்பது எங்கே என்பதில்தான் விஷயம்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் விளையாட்டை 15 டொலருக்கு 20,000 பேர் வாங்குகிறார்கள் என்று வைப்போம். 300,000 டொலர். தள்ளுபடி விற்பனை, திருப்பிக் கொடுத்த காசு, அந்தந்த நாட்டு விற்பனை வரி எல்லாம் போய் 200,000 மிஞ்சுகிறது என்போம். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தளம் 30 வீதம் எடுக்கும். (10 மில்லியன் டொலருக்கு மேல் விற்றால் அது குறையும், அந்தக் கவலை உங்களுக்கு இப்போது வேண்டாம்.) மீதி 140,000.

வெளியீட்டாளர் தன் 60,000 முற்பணத்தை முதலில் மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டு மீதியைப் பிரித்தால், 80,000இல் பாதி, அதாவது 40,000 டொலர் உங்களுக்கு. முதலில் பிரித்துவிட்டு முற்பணத்தை உங்கள் பங்கிலிருந்து கழித்தால், 70,000இல் 60,000 போய் 10,000தான். இரண்டுக்கும் பெயர் பாதிக்குப் பாதி! இனி, ‘சந்தைப்படுத்தல் செலவும் மீட்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து 40,000 டொலருக்கு விளம்பரக் கணக்குக் காட்டினால், முதல் வழியில் உங்களுக்கு 20,000; இரண்டாம் வழியில் ஒரு சதமும் இல்லை, இன்னும் 30,000 டொலர் உங்கள் தலையில் மீதியாக நிற்கும். அதைக் கையிலிருந்து கட்டவேண்டி வராது. ஆனால் அது தீரும்வரை நீங்கள் இலவசமாக உழைப்பீர்கள்.

ஆகவே இரண்டு வாசகங்களைக் கேளுங்கள். முற்பணம் பிரிப்பதற்கு முன் மொத்தத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். விளம்பரச் செலவுக்கு எண்ணால் எழுதிய உச்ச வரம்பு இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ‘நியாயமான செலவுகள்’ என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிடுங்கள். நியாயம் யாருடையது?

பங்கே இல்லாத ஒப்பந்தமும் உண்டு. வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். 2010இல் வந்த ‘ஃபோல்அவுட் நியூ வேகஸ்’ விளையாட்டைச் செய்தது ஒப்சிடியன், வெளியிட்டது பெதெஸ்டா. நேரடித் தொகை, ரோயல்டி (விற்பனையில் பங்கு) இல்லை. மெட்டாகிரிட்டிக் தளத்தின் விமர்சனப் புள்ளி 85ஐத் தொட்டால் மட்டும் மேலதிகக் கொடுப்பனவு. கிடைத்தது 84. ஒரு புள்ளி! முன்பின் அறியாத ஏதோ ஒரு விமர்சகர் அன்று காலை நல்ல தேநீர் குடித்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். இதை ஒப்சிடியனின் கிறிஸ் அவெலோன் 2012இல் தாமே வெளியில் சொன்னார். கூலி ஒப்பந்தம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கையில் வருவது உறுதியான காசு, விற்காவிட்டாலும் நட்டமில்லை. ஆனால் கூலி பேசினால் ஒன்றரை வருடச் சம்பளம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ‘புள்ளி வந்தால் போனஸ்’ என்பதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. உங்களுக்கு வந்திருப்பது அந்த வகை அல்ல. நாளைக்கு அவர்கள் அப்படி மாற்றிக் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

இனி முகவர். 60,000 டொலரை நால்வர், 18 மாதம் என்று பிரித்தால் ஆளுக்கு மாதம் 833 டொலர். அவருடைய 15 வீதம், 9,000 டொலர், போனால் 708. முற்பணமும் ஒரே நாளில் வராது. இந்தக் கட்டம் முடிந்தால் இவ்வளவு என்று தவணையாகத்தான் வரும். அவரோ முழு 9,000ஐயும் முதல் தவணையிலேயே கேட்பார். என்னிடம் வந்த ஓர் இளைஞர் குழு அப்படிக் கொடுத்தது. மூன்றாம் கட்டத்தில் வெளியீட்டாளர் பின்வாங்கினார்; முகவரின் காசு முகவரிடமே நின்றுவிட்டது. வெளியீட்டாளரை உங்களுக்குக் கண்டுபிடித்துத் தந்திருந்தால் பேசலாம், அப்போதும் தவணை வரும்போதுதான் அவருக்கும். இங்கே நிறுவனம் உங்களிடம் தானாக வந்திருக்கிறது. வந்த விருந்தாளிக்குக் கதவு திறந்துவிட 9,000 டொலரா? அந்தக் காசில் சிறு பகுதியை ஒப்பந்தம் வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிக்குக் கொடுங்கள். புதுக்கடை நீதிமன்றங்களில் காணி வழக்குக்குப் பேர்போனவர் வேண்டாம். மென்பொருள் உரிம ஒப்பந்தம் பார்த்தவராக இருக்கட்டும்.

வரிப் படிவத்தை மறக்காதீர்கள். அமெரிக்க விற்பனையிலிருந்து வரும் ரோயல்டியில் அங்கேயே 30 வீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரி உடன்படிக்கைப்படி அது 10 வீதம்தான். கம்பனியாகப் பதிந்திருந்தால் டபிள்யூ-8பென்-ஈ, தனியாளாக இருந்தால் டபிள்யூ-8பென் படிவத்தில் உங்கள் இலங்கை வரி இலக்கத்தை எழுதி உடன்படிக்கைச் சலுகையைக் கோர வேண்டும். இதை உங்களுக்கு இங்கே எவரும் சொல்ல மாட்டார்கள். ரோயல்டி என்றால் என்ன என்று கொழும்பு வங்கிக் கிளை ஒன்றில் நானே முக்கால் மணி நேரம் விளக்கியிருக்கிறேன். கடைசியில் அந்த அதிகாரி கேட்டது, “சரி, எந்தப் பொருளை ஏற்றுமதி செய்தீர்கள்? கப்பல் பத்திரம் எங்கே?”

இரண்டு வாசகங்களையும் எழுதி ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புங்கள். பதிலுக்கு இரண்டு மூன்று வாரம் எடுத்தால் பதற வேண்டாம், பெரிய நிறுவனங்கள் அப்படித்தான். நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்று யாராவது தொலைபேசியில் அவசரப்படுத்தினால், இலக்கத்தைப் பாருங்கள். அது கொழும்பு இலக்கமாகத்தான் இருக்கும்.