மூன்றடி பவளத் தொட்டிக்கு எந்த லைட்?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள் ஐந்து மாதமாக நன்றாக இருக்கின்றன. அடுத்து மஷ்ரூம், ஸோவா, லெதர் ஆகிய மென்பவளங்களை வைக்க ஆசை. ஒரு கடைக்காரர் 165 வாட் எல்.இ.டி. ஒன்றே போதும் என்கிறார். இன்னொருவர் 300 வாட்டுக்குக் குறைந்தால் பவளம் பிழைக்காது என்கிறார். எங்கள் அத்தாவோ, ‘ராமேஸ்வரம் ஓலைக்குடாவில் பவளக் கல்லெல்லாம் வெயிலில்தானே கிடக்குது? தொட்டியை ஜன்னலோரம் தள்ளி வை’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

உங்கள் அத்தா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியை வைத்துச் சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆகவே நாம் லைட் போடுவது உண்மையில் அந்தப் பாசிக்குத்தான். இந்தப் பாசிக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்று அளக்க பி.ஏ.ஆர். என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் சொல்வது அது. நம் ஊர் உச்சி வெயிலில் தரைமேல் ஏறக்குறைய 2000 இருக்கும். நீங்கள் கேட்ட மஷ்ரூமுக்கு 30 முதல் 80, ஸோவாவுக்கு 60 முதல் 120, லெதருக்கு 80 முதல் 150 போதும்.

அப்படியானால் ஓலைக்குடாக் கல் எப்படிப் பிழைக்கிறது? அது வெயிலில் கிடப்பதுபோல் நமக்குத் தெரிகிறதே தவிர, அதன்மேல் இருப்பது கலங்கல் தண்ணீர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் சொந்தக் கால்விரல் தெரியாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கமும் அதே கதைதான். மணலும் சேறும் கலந்த தண்ணீர் அந்த 2000இல் பெரும்பங்கை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைக் கல்லுக்கு விடுகிறது. அதோடு, கல் அங்கேயே பிறந்து அந்த ஒளிக்குப் பழகியது. வாங்கி வரும் பவளம் அப்படியல்ல.

ஜன்னல் வேண்டாம் என்பதற்கு ஒளியைவிடச் சூடுதான் பெரிய காரணம். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கடல்நீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றபோது பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை. உங்கள் தொட்டி நிரம்பினாலும் 190 லிட்டர்தான். கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். மே மாத மதியம் ஜன்னல் வெயில் அதில் இரண்டு மணி நேரம் விழுந்தால் 31, 32 என்று ஏறிவிடும். பக்கவாட்டில் விழும் வெயிலில் கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி படர்வது வேறு. தொட்டியை உள்சுவர் ஓரமாகவே வைத்திருங்கள்.

ஓலைக்குடா என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த கல்லைக்கூட எடுத்துவந்து தொட்டியில் போடாதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நம் கரையில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் கல்லை வெட்டி வெட்டியே எத்தனை பார்கள், அதாவது பவளத் திட்டுகள், அழிந்தன என்று மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நீங்கள் கேட்ட மூன்று வகையும் அந்த 2001 பட்டியலில் இல்லை. ஆனால் சட்டம் 2022இல் மறுபடி திருத்தப்பட்டது. அதனால் வாங்குமுன் ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் இனத்தின் பெயரைச் சொல்லி நேரில் கேட்டுவிடுங்கள். கடையில் பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தொட்டிக்குள் அடுக்கப் பீங்கான் கல் போதும்.

இதைச் சொன்னதற்கு லைட்டோடும் சம்பந்தம் இருக்கிறது. 300 வாட் என்றவர் பொய் சொல்லவில்லை. மான்கொம்புப் பவளம் போன்ற கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350 மைக்ரோமோல் தேவை. அவர் மனதில் அந்தத் தொட்டிதான் இருந்திருக்கும். அந்தப் பவளத்தை நீங்கள் வைக்கப் போவதில்லை. பிறகு அந்த லைட் உங்களுக்கு எதற்கு?

அந்த 165 வாட் என்பதும் அட்டையில் இருக்கும் கணக்குதான். உள்ளே 55 எல்.இ.டி. இருக்கும், ஒவ்வொன்றும் 3 வாட் என்று பெருக்கிப் போட்டிருப்பார்கள். சுவரிலிருந்து அது இழுப்பது பெரும்பாலும் 120 வாட்டுக்குள்ளேதான். வாட் என்பது மின்சாரச் செலவைச் சொல்லும், பவளத்துக்குப் போகும் ஒளியைச் சொல்லாது. ஆகவே கடையில் வாட்டைக் கேட்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைத்துக் கூட்ட முடியுமா? எவ்வளவு அகலத்துக்கு ஒளி பரவும்? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த லைட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நீலம் ஏன் என்றால், கடல்நீர் சிவப்பை முதலில் உறிஞ்சிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். நீலம்தான் ஆழம் வரை இறங்கும். பவளப் பாசியும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தும்படி அமைந்தது. 450 நானோமீட்டரை ஒட்டிய ராயல் புளூ அதிகமாகவும், ஊதாவும் வெள்ளையும் கொஞ்சமாகவும் இருக்கும் லைட்டாகப் பாருங்கள். நல்ல தண்ணீர்ச் செடித்தொட்டிக்கு விற்கும் 6500 கெல்வின் லைட்டைக் கொண்டுவந்து மாட்டினால் முதலில் வளர்வது முடிப்பாசியாகத்தான் இருக்கும். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருவில் முழு நீலத்தில் பவளம் பளபளவென்று ஒளிர்வதைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் நிறைய. அந்த ஒளிர்வு உண்மைதான். ஆனால் வீட்டில் கொஞ்சம் வெள்ளையைச் சேர்த்துவிட்டால் அந்த நிறம் அடங்கிவிடும். பவளத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சரி, எதை வாங்குவது? உங்கள் தொட்டிக்கு என் முடிவு: உண்மையில் 50, 60 வாட் இழுக்கும் சிறிய எல்.இ.டி. இரண்டு. இரண்டு முனையிலிருந்தும் சுமார் 22 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, தண்ணீருக்கு மேல் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நடுவில் ஒரே பெரிய லைட்டைப் போட்டால் அதற்கு நேர்க்கீழே ஒளி குவியும், ஓரங்கள் மங்கும், கல்லின் ஒரு பக்கம் எப்போதும் நிழலாகவே இருக்கும். இரண்டாகப் போட்டால் ஒன்றின் நிழலை மற்றொன்று கலைத்துவிடும். கையில் பணம் குறைவு என்றால் முதல் கடைக்காரர் சொன்ன ஒற்றைப் பெட்டியும் ஓடும். நடுவில் லெதர், சற்றுத் தள்ளி ஸோவா, ஓரத்து மணலில் மஷ்ரூம் என்று அடுக்கிக்கொண்டால் மங்கலான ஓரமே மஷ்ரூமுக்கு வசதியாகிவிடும். இரண்டு லைட்டும் முழு ஒளியில் ஒன்பது மணி நேரம் எரிந்தால்கூட நாளொன்றுக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட்.

மெட்டல் ஹாலைடு என்னும் பழைய வகைச் சூடான விளக்கு நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். அடுப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டது மாதிரி இருக்கும், அப்புறம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். டி5 குழல்விளக்கு பரவலான நல்ல ஒளி தரும். ஆனால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குழலை மாற்ற வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். லைட்டை வாங்கிய அன்றே முழு ஒளியில் போட்டுவிடாதீர்கள். ஒளி குறைந்தால் பவளம் மாதக்கணக்கில் மெல்ல வாடும், அதற்குள் நாம் கவனித்துச் சரிசெய்துவிடலாம். கூடினால் மூன்றே நாளில் காரியம் கெட்டுவிடும். என் வீட்டில் பழைய குழலைக் கழற்றிப் புது எல்.இ.டி. மாட்டிய வாரம் எனக்கு நேர்ந்தது இதுதான். கைக்குட்டை அகலத்துக்கு விரிந்து கிடந்த சிவப்பு மஷ்ரூம் மறுநாள் ஓரங்களை உள்ளே சுருட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி, மேல்பக்கம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. கல்லின் நிழலில் இருந்த பாதி மட்டும் சிவப்பாகவே இருந்தது. அந்தப் பாதியைப் பார்த்த பிறகுதான் குற்றம் தண்ணீரில் இல்லை, லைட்டில் என்று புரிந்தது. பழைய அளவுக்கு அது விரிய நான்கு மாதம் ஆயிற்று.

முதல் வாரம் நீலம் 30 சதவீதம், வெள்ளை 10 சதவீதம், ஐந்து மணி நேரம். வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஒளியும் ஒரு மணி நேரமும் கூட்டிக்கொண்டே போய் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் நிறுத்துங்கள். நீலம் 50 சதவீதத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டுப் பவளத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான மென்பவளத் தொட்டிகள் அந்த அளவிலேயே நன்றாக ஓடும். புதிதாக வரும் எந்தப் பவளத்தையும் முதலில் மணல்தரையில் வைத்து, இரண்டு வாரம் கழித்து மேலே ஏற்றுங்கள்.

பி.ஏ.ஆர். மீட்டரின் விலைக்கு இரண்டு தொட்டி வாங்கலாம். யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒருநாள் அளந்துகொள்ளுங்கள். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலியை நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நீலத்தைக் குறைத்துத்தான் காட்டும். மீட்டர் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், பவளமே சொல்லும். ஸோவா கழுத்தை நீட்டி நீட்டி மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. தண்டு குட்டையாக, தட்டு கல்லோடு ஒட்டி விரிந்திருந்தால் சரியாக இருக்கிறது. நிறம் நாளுக்கு நாள் பழுப்பாகிக்கொண்டே போனால், குறைந்த ஒளியைப் பிடிக்கப் பாசி பெருகுகிறது என்று பொருள். மேல்பக்கத்திலிருந்து வெளிற ஆரம்பித்தால் அன்றே பத்து சதவீதம் குறையுங்கள்.

லைட் எரியும் நேரத்தை மதியத்தில் வைக்காதீர்கள். அறை தகிக்கும் நேரத்தில் லைட்டின் சூடும் சேர வேண்டாம். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு அணைந்தால், வேலை முடிந்து வந்து பார்க்கவும் உங்களுக்கு வசதி. தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்கட்டும். மேற்பரப்பில் சிறு மின்விசிறியைக் காட்டினால் ஆவியாகி ஓரிரு டிகிரி குறையும். கடலோரப் புழுக்கம் அதிகமான நாட்களில் அதன் பலன் குறைந்துவிடும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத்தண்ணீர் அல்ல.

கீழக்கரை உப்புக்காற்றில் லைட்டுக்குள் இருக்கும் குட்டி மின்விசிறிதான் முதலில் சாகும். விசிறி இல்லாமல், தடித்த அலுமினிய முதுகால் சூட்டை வெளியேற்றும் வகை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம். லைட்டின் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை லைட்டை அணைத்து, ஆறவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஒரு மாதம் துடைக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் பளிச்சென்று துடைத்தால், பவளத்துக்கு அது ஒளியைத் திடீரென்று கூட்டியதுபோல்தான். அப்படி விட்டுப்போனால் துடைத்த அன்று ஒளியைக் குறைத்து, பிறகு ஏற்றுங்கள். மஞ்சளடித்த தண்ணீரைத் தெளியவைக்க வடிகட்டியில் கரி போடும்போதும் இதே கவனம் வேண்டும். தண்ணீர் தெளிந்ததும் நீலம் கூடுதலாக இறங்கும்.

ஒயரைச் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உப்புத்தண்ணீரில் கை வைக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் லைட்டை ஓட்ட வேண்டாம், அலை மோட்டாரை ஓட்டுங்கள். ஒருநாள் இருட்டைப் பவளம் தாங்கும், அசையாத தண்ணீரை மீனும் பவளமும் தாங்காது. முள் சுற்றும் டைமர் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பின்தங்கி, ஒரு மாதத்தில் நள்ளிரவில் லைட்டைப் போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமராக வாங்குங்கள்.

கடைசியாக லெதர் பற்றி. வந்த சில வாரங்களில் அது ஒருநாள் மொட்டுகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு தடவியதுபோல் மினுங்கும். நாலைந்து நாள், சில நேரம் பத்து நாள்கூட அப்படியே நிற்கும். பயந்துபோய் லைட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்காதீர்கள், அது தோல் உரிக்கிறது. அலை மோட்டாரின் ஓட்டம் அதன்மேல் படும்படி மட்டும் திருப்பிவிடுங்கள். மெல்லிய படலம் கழன்று மிதந்து போனதும் மொட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.