யாளியைத் தூணிலிருந்து இறக்குவது: ஓவியர் பதில்கள்

கே: யாளி (சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையும் கொண்ட கோயில் சிற்ப விலங்கு) வரையும்போது தும்பிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்புறம் உடம்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

தும்பிக்கை கடைசி. முதலில் 3×4 அங்குலக் கட்டத்தில் ஆறு சின்ன மாதிரிகள் போடுங்கள். கண், நகம் எதுவும் வேண்டாம், கறுப்பு நிழலுரு மட்டும். அதிலேயே யாளி என்று தெரியவில்லையென்றால் பிடரியைச் சுருள் சுருளாக இழைத்தும் பயனில்லை. பிறகு சிங்கத்தின் எலும்புக்கூடு, 2எச் பென்சிலில் (கோடு வெளிறி விழும் கடினமான பென்சில்). கழுத்தைத் தடிமனாக்குங்கள், தும்பிக்கைக் கனத்தைச் சிங்கக் கழுத்து தாங்காது.

தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்த ஒரே உறுப்பு. சிங்க மூக்கை வரைந்து அதன் நுனியில் குழாயைச் சொருகினால் எப்படி ஒட்டும்? அந்த மூக்கை அழித்துவிடுங்கள். கண்களுக்கு நடுவிலேயே அகலமாகத் தொடங்கி, மேல்தாடையை மூடிக்கொண்டு இறங்கட்டும். கோரைப்பல் தெரிய வேண்டுமானால் தும்பிக்கையைத் தூக்குங்கள், இல்லை பக்கவாட்டில் சுருட்டுங்கள். நுனியில் விரல் ஒன்றுதான். இரண்டு இருந்தால் அது ஆப்பிரிக்க யானை.

கே: என்ன பிரஷ், என்ன பேப்பர்?

ரவுண்டு பிரஷ், எண் 2, 6, 10. பேப்பர் கனம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்), அதற்குக் கீழே போனால் ஈரத்தில் நெளியும். மை நீரில் கரையாததாக இருக்கட்டும். வேறொரு துண்டுத் தாளில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்ததும் ஈரப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ஜெல் பேனாவை நம்பாதீர்கள்.

கே: வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண் யாளியை அப்படியே வரைந்து, பின்னணியில் காடு வைத்தேன். முன்னால் கவிழ்கிற மாதிரி இருக்கிறது.

கவிழத்தான் செய்யும். தூணை எடுத்துவிட்டீர்களே! அந்த யாளியும் தூணும் ஒரே கல். பாரத்தை முதுகுப்பக்கம் பிடித்திருப்பது தூண். சிற்பிக்குக் கிடைத்தது உயரமான, குறுகலான கல். அதனால்தான் யாளி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. காட்டில் நிற்க வேண்டுமென்றால், கடைசி விலாவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுங்கள். அது பின்பாதங்களுக்குள் விழ வேண்டும். விழவில்லையா? இடுப்பைத் தாழ்த்துங்கள், பின்காலை முன்னே இழுங்கள், வாலைப் பின்னால் நீட்டுங்கள்.

கே: சிற்பி செய்ததைத் திருத்துவதா? மரபு என்னாவது?

எந்த மரபு? மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பம் புலிக்குகையில் பல்லவர் காலத்துச் சிற்பி வாயிலைச் சுற்றி யாளித் தலைகளை மட்டும் வைத்தார். யாளி வரிசையில் அது சின்ன உருவமாகிக் கோயிலைச் சுற்றி ஓடுகிறது. தூண் கிடைத்ததும் எழுந்து நின்றது. இடத்துக்கு ஏற்ப உடம்பை மாற்றியதே சிற்பிகள்தான். நீங்கள் தூணை வரைந்தால் தூண் யாளி. காட்டை வரைந்தால் காட்டு யாளி.

கே: (மீண்டும் அவரே) அப்படியானால் தூண் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தையும் எடுத்துவிடுவீர்களா?

எடுத்துவிடுவேன். கல்லில் அது உருள்வதுதான் அழகு. தாளில் உருளாது, தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரிதான் தெரியும். கோபிக்காமல் ஒருமுறை இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள்.

கே: யாளி நிஜமாகவே வாழ்ந்த விலங்கா?

இந்தக் கேள்வி மூன்றாவது முறை. எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்தவர்.

கே: சிறகு வைக்கலாமா?

வைக்கலாம். சிறகுக்குத் தனித் தோள்பட்டை எலும்பு வேண்டும், முன்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், மேலே. முதுகுத்தண்டு மேலேயே முளைத்தால் பொம்மைதான்.

கே: எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் பூனை மாதிரியே தெரிகிறது.

கண் பெரிதாகியிருக்கும், பாதியாகக் குறையுங்கள். கண் பாப்பா நெட்டுக்குத்தாக நீண்டிருந்தால் அதுவே பூனை, சிங்கத்துக்கு வட்டம். தொடுவானத்தை யாளியின் வயிற்றுக்குக் கீழே இறக்குங்கள். காலருகே ஒரு ஆளையோ பனைமரத்தையோ நிறுத்துங்கள். பின்னுடம்பு தலையைவிட ஒரு படி வெளிறட்டும்.

கே: கம்ப்யூட்டரில் என்ன அளவு? என்ன பிரஷ்?

ஏ3, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி): 3508×4961 பிக்சல். பிரஷ், இருப்பது எதுவானாலும்.

கே: கோடு போட்டு வாட்டர்கலர் பூசினேன், கால் பக்கமெல்லாம் கரைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

ஜெல் பேனா! தேய்க்காதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் வெள்ளைக் குவாஷை (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) கெட்டியாகக் கரைத்து அந்த இடத்தில் மூடுபனியாகப் பூசிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே யாரும் கேட்க மாட்டார்கள்.