ஆய்வகக் கதவைத் தட்டும் முன்

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் நீர், காற்று, மண், சூழலியல், தொலையுணர்வு என்று தனித்தனி ஆய்வகங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் சேர்ந்து ஆய்வு செய்ய ஆசை. ஆனால் மதிப்பெண் நடுத்தரம்தான், எனக்கென்று ஒரு தலைப்பும் இல்லை. எங்கே, எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அந்த மதிப்பெண் பயத்தைத் தள்ளி வையுங்கள். உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் மதிப்பெண் பார்ப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆய்வகம் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் தேடுவது வேறு. ஒரே வேலையை மாதக்கணக்கில் அதே கவனத்தோடு செய்யும் கை வேண்டும். நம் துறையே அப்படிப்பட்ட கைகளால்தான் நிற்கிறது. ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏற்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது, ஆண்டுக்கணக்கில் விடாமல் அளந்ததால்தான்.

உங்கள் துறையிலும் இப்படி ஏதோ ஒரு நீண்ட அளவீடு ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு ஏரியின் நீர்த்தரம், ஒரு காட்டுத் துண்டில் மரங்களின் சுற்றளவு, கூரையில் வைத்த நுண்துகள் கருவி, இப்படி ஏதாவது. அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். உள்ளே போக அதுதான் நல்ல வழி.

தலைப்பு இல்லை என்பதும் குறையே இல்லை. மாரியோ மொலினா 1973இல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக ஷெர்வுட் ரோலண்டிடம் சேர்ந்தபோது, ரோலண்ட் முன்வைத்த சில தலைப்புகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தார்: குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் வளிமண்டலத்தில் என்ன ஆகின்றன என்பது. அடுத்த ஆண்டே ஓசோன் படலம் அழியும் ஆபத்தைச் சொல்லும் கட்டுரை வந்தது. 1995இல் நோபல் பரிசும் வந்தது. முனைவர் பட்டம் முடித்தவரே நெறியாளர் தந்த கேள்வியில் தொடங்கியிருக்கிறார், இளநிலை மாணவருக்கு என்ன அவசரம்?

அப்புறம், ஆய்வகத்தைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நீர் ஆய்வகம் என்றால் ஆற்றங்கரையில் நிற்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதிரி எடுத்த நொடியிலிருந்தே அந்த நீர் மாறத் தொடங்கிவிடும். அதனால் விங்க்லர் முறையில் கரைந்த ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால், கரையிலேயே வேதிப்பொருள் சேர்த்து அதை நிலைநிறுத்த வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளக்க, மாதிரியை 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், ஐந்து நாள் வைக்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கினால் சனிக்கிழமை நீங்கள் ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும். இந்த ஒழுங்கு பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள்.

தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தையும் நீரையும் ஆராய்வது, வேறு மாதிரி. சேரும் முன்பே தொடங்கிவிடலாம். 1972 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இலிருந்து இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 10 மீட்டர் வரை நுணுக்கம் கிடைக்கிறது. வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு கிடையாது. ஒரு நீர்நிலையின் பரப்பு முப்பது ஆண்டில் எப்படி மாறியது என்று வரைந்து பாருங்கள். ஆனால் திரையில் நீர் என்று தெரிவது தரையிலும் நீர்தானா என்று நேரில் போய்ச் சரிபார்க்காத வரைபடத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எந்த ஆய்வகமானாலும் கொஞ்சம் புள்ளியியலும், ஆர் (R) அல்லது பைத்தான் என்ற நிரல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். பின்னால் வேலை தேடும்போதும் இவை கைகொடுக்கும்.

சரி, பேராசிரியரை எப்படி அணுகுவது? அதற்கு முன் அங்குள்ள முனைவர் பட்ட மாணவர்களிடம் பேசுங்கள். நெறியாளர் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், தவறு நடந்தால் எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தலைப்பு சுமாராக இருந்து நெறியாளர் நல்லவராக இருந்தால் ஆய்வு தேறிவிடும். தலைப்பு நன்றாக இருந்தும் நெறியாளருக்கு நேரமே இல்லையென்றால் நீங்கள்தான் தவித்துப்போவீர்கள். பிறகு அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஆறு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

“நான் இரண்டாம் ஆண்டு மாணவர். ஏரி வண்டல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மழைக்காலத்து மாதிரிகளைத் தனியாகப் பிரித்ததன் காரணம் எனக்கு முழுதாகப் புரியவில்லை, அதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இந்தப் பருவத்தில் வாரம் ஆறு மணி நேரம் வர முடியும். மாதிரி தயாரிப்பு, தரவுப் பதிவு என எந்த வேலையிலும் உதவுகிறேன். பத்து நிமிடம் நேரில் சந்திக்கலாமா?”

ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பாதீர்கள், படித்தவுடனே தெரிந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், இல்லாவிட்டால் துறைக் கருத்தரங்கு முடிந்ததும் நேரில் பேசுங்கள்.

சேரும் முன் நீங்களும் சில கேள்விகள் கேட்க வேண்டும். களப்பணிக்கு யார் கூட வருவார்கள்? பயணச் செலவு யாருடையது? கட்டுரையில் பெயர் வர என்ன பங்களிப்பு தேவை? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தனியாக நீரில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நீரிலுள்ள கழிவை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி அளக்கும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையில் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம், பாதரச உப்பு எல்லாம் புழங்கும். பயிற்சியும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. சம்பளமில்லாமல் ஒரு பருவம் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் பாடப் புள்ளியோ (கிரெடிட்) உதவித்தொகையோ கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சேர்ந்த நாளிலேயே ஒரு குறிப்பேடு போடுங்கள். மாணவப் பருவத்தில் நான் ஒரு பருவம் முழுக்க ஓடை நீரின் அமிலக் காரத்தன்மையை அளந்தேன், கருவியை அளவு திருத்திய நாளை மட்டும் குறிக்கவில்லை. நெறியாளர் அத்தனை எண்களையும் ஒதுக்கிவிட்டார். அவர் செய்தது சரிதான். தேதி, நேரம், வானிலை, கருவி எண், அளவு திருத்தம், எடுத்தவர் பெயர் ஆறும் இல்லாத மாதிரியை இன்றும் என் ஆய்வகத்தில் நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டில் முதுநிலை படிக்கும் எண்ணமிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளைப் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குவார்கள், அதனால் இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட வேண்டும். ஓராண்டு உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் அதை எழுத வேண்டுமானால், இந்தப் பருவமே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்துவிடுங்கள்.