பிரிட்ஜை இழைக்க விடாதீர்கள்!

கேள்வி: 1968-ல் செய்த மார்ட்டின் டி-28 கிட்டார் ஒன்றை ஒரு தரகர் மூலம் வாங்கினேன். ஓசை அருமை. ஆனால் 5-வது ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டினால் கம்பியை அழுத்தவே முடியவில்லை. கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் மரத்தைக் கொஞ்சம் இழைத்தால் போதும் என்கிறார் தரகர். நண்பர் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற தண்டை முறுக்கச் சொல்கிறார். ரிப்பேர்காரரோ நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழற்றிக் கோணம் சரிசெய்து மறுபடி ஒட்டுவது, செய்தே ஆக வேண்டும் என்கிறார். அவர் கேட்கும் தொகை பயமுறுத்துகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ரிப்பேர்காரர் சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் அவர் சொன்னார் என்பதற்காகச் செய்யாதீர்கள். ஒரு ஸ்கேல் எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்.

நண்பரின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். டிரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டுமே சரிசெய்யும். நெக் பெட்டியோடு சேரும் கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவிர, முறுக்கக்கூடிய ராடை மார்ட்டின் வைக்க ஆரம்பித்ததே 1985-ல்தான். உங்கள் கிட்டாரின் நெக்குக்குள் இருப்பது அசையாத ஸ்டீல் குழாய். நண்பர் ரெஞ்சோடு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அரை நூற்றாண்டு அந்த இழுப்பைத் தாங்கிய மெல்லிய பலகை, பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பி, ஓசைத் துளைப் பக்கம் லேசாக உள்வாங்கும். நெக்கும் முன்னால் சாய்ந்துவிடும். இது கிட்டாரின் குறை இல்லை, வயசு.

இனி அளவு. கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டு, 12-வது ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2.5 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகம். உங்களுடையது 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே 1.5 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு) அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 3 மி.மீ. இறங்க வேண்டும். பிரிட்ஜுக்கு வெளியே தெரியும் சேடிலே 2 மி.மீ.தான் என்றால் எங்கிருந்து இறக்குவது? அப்புறம், நேரான நீள ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை நடுக் கம்பிகளுக்கு இடையில் ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து, பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனால் கோணம் நன்றாக இருக்கிறது. முன்பக்கத்தில் முட்டி நின்றால் ரீசெட்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஈரப்பதம் அதிகமான நாட்களில் மேல்பலகை ஊதிக்கொள்ளும், கம்பியும் கூடவே ஏறும். அந்த நேரத்தில் அளந்தால் நல்ல கிட்டாருக்கும் ரீசெட் வேண்டும் என்றுதான் தோன்றும். 45-50 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு வாரம் வைத்துவிட்டு மறுபடி அளக்கவும். பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்க்கவும். உள்ளே போனால் பிரிட்ஜ் பசை விட்டிருக்கிறது. உள்ளேயுள்ள மரச்சட்டங்கள் விட்டிருந்தாலும் இதே கதைதான். பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் கிரகிரவென்று கேட்கும். இதையெல்லாம் ஒட்டி முடிக்காமல் எடுக்கிற அளவு எதுவும் அளவே இல்லை.

இப்போது உங்கள் தரகர். பிரிட்ஜை இழைப்பது, செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற வேலை. கம்பி இறங்கும், நிஜம்தான். ஒரு மணி நேரத்தில் முடியும், கிட்டாரும் விலை போகும். அதனால்தான் தரகர்களுக்கு இந்த வைத்தியம் இவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் பிரிட்ஜ் மெலிந்தால் அதன் அடியில் உள்ள பலகை இன்னும் உப்பும். சேடில் பள்ளம் ஆழம் குறைந்து, அதன் முன்சுவர் பிளக்கும். கம்பி பலகைக்கு மேல் நிற்கும் உயரமும் குறைந்து, நீங்கள் அருமை என்று எழுதிய அந்த ஓசை சப்பென்று ஆகிவிடும். கடைசியில் ரீசெட்டும் செய்து, புது பிரிட்ஜுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

உங்கள் கிட்டாரில் யாராவது முன்பே கைவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த வகை பிரிட்ஜ் நடுவில் 8-9 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 6 இருந்தால் ஒரு சுற்று இழைத்தாகிவிட்டது. நெக் பெட்டியோடு சேரும் தடித்த அடிப்பகுதியான ஹீலில், ஸ்ட்ராப் பட்டனுக்கு அடியில் நீள ஸ்க்ரூ இறங்கியிருந்தால் அது இன்னும் மோசம்: ரீசெட்டுக்குப் பதில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் தரகரிடம் பேச வேண்டியது ரிப்பேர் பற்றி அல்ல, விலை பற்றி.

ரீசெட்டுக்கு ஏன் அவ்வளவு பணம்? 15-வது ஃபிரெட்டைக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே நெக்கையும் பெட்டியையும் கோத்துப் பூட்டும் டவ்டெயில் இணைப்புக்கு நீராவி விடுவார்கள். பழைய பசை இளகியதும் நெக் கழன்று வரும். அப்புறம் ஹீலின் அடிப்பக்கம் சீவ வேண்டும். பிரிட்ஜ் பக்கம் 3 மி.மீ. உயர்த்த வேண்டுமானால் அங்கே போவது சுமார் 1 மி.மீ. மரம், அதுவும் மேலே வரவர ஒன்றுமில்லாமல் தேய்ந்து முடிய வேண்டும். இரு பக்கமும் சமமாகச் சீவாவிட்டால் நெக் கோணிக்கொள்ளும். சீவி, பொருத்தி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, மறுபடி கழற்றி... கூலி இந்தப் பொறுமைக்குத்தான்.

ரிப்பேர்காரரிடம் கேட்க வேண்டியவை: புது சேடிலும், ரீசெட்டுக்குப் பின் தேவைப்படும் ஃபிரெட் வேலையும் இந்தத் தொகையில் அடக்கமா? என்ன பசை? எபாக்சி என்றால் கிட்டாரைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கழற்றும்போது மரம்தான் கிழியும்.

கம்பெனி உத்தரவாதம் பற்றிக் கனவு வேண்டாம். ஆயுட்காலம் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், ஆனால் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். நெக் சாயவே முப்பது நாற்பது வருடம் ஆகும், அதற்குள் கிட்டார் எத்தனை கை மாறியிருக்கும்! வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பலாம் என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை. உங்கள் கிட்டாரின் பின்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. காடு அழியக் கூடாது, சரி. 1968-ல் அறுத்த பலகையை ரிப்பேருக்கு அனுப்பவும் அனுமதிக் காகிதத்துக்கு அலைய வைப்பதால் எந்த மரம் பிழைக்கிறதோ! உள்ளூரில் டவ்டெயில் கழற்றிப் பழகிய ஒருவரைத் தேடுங்கள், அவர் ரீசெட் செய்த கிட்டார் ஒன்றை வாங்கி வாசித்தும் பாருங்கள்.

அதுவரை மெல்லிய 11 செட் கம்பி போட்டு, அரை ஸ்வரம் இறக்கி வாசியுங்கள். 3-வது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் கைக்கு இன்னும் இலகுவாக இருக்கும்.