ஊர் நகரமும் நாணல் வீடும்

கேள்வி: சின்ன வயதில் சிங்கப்பூர்க் கம்பத்தில் (கிராமத்தில்) ஓலை வேய்ந்த அத்தாப்பு வீட்டில் வளர்ந்தவன் நான். ஈராக்கின் தெற்கே ஊர் என்ற பழைய நகரத்தின் சிகுராத்தைப் பார்க்க வேண்டும் என்பது 40 வருட ஆசை. பக்கத்துச் சதுப்பு நிலத்தில் இன்னும் நாணல் வீடு கட்டுகிறார்களாமே, அங்கேயும் போக வேண்டுமா?
- ஓய்வுபெற்ற வாசகர், பிடோக்

பதில்: கட்டாயம் போங்கள் ஐயா. ஊருக்கு அரை நாள் போதும், சிபாயிஷ் என்ற அந்தச் சதுப்பு நிலச் சிற்றூருக்கு ஒரு ராத்திரியாவது ஒதுக்குங்கள். சிகுராத் பிரமாண்டம்தான், 4,000 ஆண்டுகளுக்கு முன் ஊர்-நம்மு என்ற அரசன் தொடங்கிய கோயில் மேடை. ஆனால் முகப்பும் படிகளும் பெரும்பாலும் பிற்காலத்தில் புதுப்பித்தவை, அதனால் பக்கவாட்டில் பழைய செங்கல் தெரியும் இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அன்று பூசிய தார் இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போல போனால் சிபாயிஷ். அங்கே முதீஃப் என்ற விருந்தினர் கூடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நாணல் கட்டுகள், இரண்டு பக்கமும் நட்டு வளைத்து உச்சியில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஆணி கிடையாது. அத்தாப்பு வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் காய்ந்த ஓலை வாசனை சட்டென்று பிடிபடும். உருக் என்ற இன்னொரு பழைய நகரத்தில் கிடைத்த 5,000 ஆண்டுப் பழைய கல்தொட்டி ஒன்றில் நாணல் குடிலும் ஆடுகளும் செதுக்கியிருக்கிறார்கள், இங்கே அந்த வேலையை உயிரோடு பார்க்கிறோம். காலையில் எருமைப் பாலாடையும் ரொட்டியும், நம் தே ஓவைவிடக் கடுமையான டீயும் தருவார்கள்.

இந்த மக்கள் பட்டது கொஞ்சமில்லை. 1991 கிளர்ச்சிக்குப் பிறகு சதாம் அரசு கரை போட்டு, கால்வாய் வெட்டி, சதுப்பு நிலத்தையே வற்றடித்தது, 2003-இல் ஆட்சி போனதும் மக்களே கரையை உடைத்துத் தண்ணீர் விட்டார்கள். 2016-இல் யுனெஸ்கோ சதுப்பு நிலத்தையும் ஊர், உருக், ஈரிடு நகரங்களையும் சேர்த்தே உலக மரபுடைமை ஆக்கியது. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் அணைகள், மழையும் பொய்க்கிறது, தண்ணீர் குறைந்து உப்பேறினால் முதலில் சாவது எருமைதான். அதனால் படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், படகையும் தங்குமிடத்தையும் சிபாயிஷ்காரர்களிடமே பேசுங்கள், காசு அவர்கள் கைக்குப் போகட்டும்.

சாங்கியிலிருந்து நேர் விமானம் கிடையாது, துபாய் அல்லது தோஹா மாறி பாஸ்ராவில் இறங்கலாம். கோடையில் 50 டிகிரி தொடும், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். அப்புறம் நம் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனை, அது வேண்டாம் என்று சொல்கிற சமயத்தில் தள்ளிப்போடுங்கள் ஐயா, 40 வருடம் காத்திருந்துவிட்டீர்கள்.

கேள்வி: அந்த ‘ஊர்’ நம் தமிழ் ஊர்தானே?
- வாசகி, ஈசூன்

பதில்: ஒலி ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாதும்மா, சுமேரியர் அதை ஊரிம் என்றார்கள். ஆனால் சிந்துவெளியோடு அந்த நகரத்துக்கு வணிக உறவு இருந்தது நிஜம். 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்த லெனார்ட் வூலி, அரச கல்லறைகளில் சிவப்பு சூதுபவள மணிகளைக் கண்டெடுத்தார், அவற்றில் நீள நீளமானவை சிந்துவெளிக் கைவேலை. அங்கே போகாமலே பார்க்கலாம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.