ஹார்ஷ் நாய்ஸ் வகை இசையை எப்படிக் கேட்பது? – பான் சோனிக்கும் மெர்ஸ்பௌவும் சேர்ந்து வாசித்த ‘வி’

ஹார்ஷ் நாய்ஸ் எனப்படும், வெறும் இரைச்சலாக ஒலிக்கும் இசையை ஒருவர் எப்படிப் பொறுமையாக உட்கார்ந்து கேட்க முடிகிறது, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வினவியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் ஒரு நேரடிப் பதிவைக் கொண்டே விடை சொல்ல விரும்புகிறேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் விக்டோரியாவில் (Victoriaville) என்னும் சிறிய நகரில், 1983 முதல் நடந்துவரும் புதுவகை இசை விழாவில், 2002ஆம் ஆண்டு ஜப்பானின் மெர்ஸ்பௌவும் பின்லாந்தின் இருவர் குழுவான பான் சோனிக்கும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்நிகழ்ச்சி மறு ஆண்டு ‘வி’ என்ற பெயரில் குறுவட்டாக வெளிவந்தது. மெர்ஸ்பௌ என்பது மசாமி அகிதா 1979இல் தொடங்கிய தனிமனித முயற்சி. அக்காலத்தில் அவர் மேடையில் பெரும்பாலும் மடிக்கணினிகளையே பயன்படுத்தினார். பான் சோனிக்கின் மிகா வைனியோவும் இல்போ வைசானனும் தங்களுக்கென்றே யாரி லெஹ்தினென் உருவாக்கிய ஒலியியற்றிகளை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவிகளை) கொண்டு வாசித்தவர்கள்.

முதன்முறை இதை நான் கைபேசியின் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். தகரக் கூரைமேல் ஓயாது கொட்டும் ஆலங்கட்டி மழைபோல் ஒரே சீரான சத்தமாகத் தோன்றியதால், சில நிமிடங்களிலேயே நிறுத்திவிட்டேன். சில மாதங்கள் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோது, அடியில் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்த கனத்த ஒலி ஒன்று கேட்டது. முன்பு அது என் காதுக்கு வந்திருக்கவே இல்லை. காரணம் எளியது. பெரும்பாலான கைபேசி ஒலிபெருக்கிகளால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைச் சரிவர எழுப்ப இயலாது. பான் சோனிக் இசையின் உயிரோ பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. நான் முதலில் கேட்டது மூவர் வாசித்ததில் ஏறக்குறைய ஒருவரை மட்டுமே.

இவ்விசையைக் கேட்கும் வழியும் அதிலேயே அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். தூய சைன் அலை என்பது ஒரே ஓர் அதிர்வெண். வெள்ளிரைச்சல் என்பது எல்லா அதிர்வெண்களும் ஒருசேர நிறைந்தது. பான் சோனிக் முதல் முனையிலிருந்தும் மெர்ஸ்பௌ மறுமுனையிலிருந்தும் வருகிறார்கள். ஆகவே மெட்டையோ பல்லவியையோ தேடாமல், அடியில் துடிக்கும் ஒலியைக் காதால் பற்றிக்கொண்டு, அதன்மேல் இரைச்சல் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எப்போது அந்தத் துடிப்பையே விழுங்கிவிடுகிறது என்று தொடர்ந்து சென்றால், ஒரே சத்தமாகத் தோன்றியது அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும். மிகவும் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பைத் தவிர்த்துவிடுங்கள்; அச்சுருக்க முறைக்கு இரைச்சல்தான் மிகக் கடினமான பொருள், நுண்ணிய வேறுபாடுகள் முதலில் அங்கேதான் சிதைகின்றன.

நேரடிப் பதிவு என்பதற்கு இங்கே தனி மதிப்புண்டு. இரைச்சலை எழுப்புவது எளிது. இன்னொருவரின் இரைச்சலுக்கு நடுவே எப்போது ஒதுங்கி வழிவிடுவது, எப்போது உள்ளே நுழைவது என்பதை அந்தக் கணத்திலேயே முடிவு செய்வதுதான் கடினம். ‘வி’யில் அம்முடிவுகள் என் காதுக்குத் தெளிவாகவே கேட்கின்றன. மிகா வைனியோ 2017இல் காலமான பிறகு, இம்மூவரும் மீண்டும் ஒரு மேடையில் சேர வழியில்லாமற்போனது என்பதை நினைக்காமல் இப்போது என்னால் இதைக் கேட்க முடிவதில்லை.

இறுதியாக ஒலியளவு பற்றி: இதை உரக்க வைத்தால்தான் புரியும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது. அமைதியான அறையில், இரவு நேரத்தில், மிதமான அளவில் வைத்துக் கேளுங்கள். அந்த அடித்துடிப்பு அப்போதும் தெளிவாகக் கேட்கும்.